மறுமொழி: ‘பேரிங்’ – இணைத்தலா, பிணைத்தலா?

ஐயா, நண்பர்களே, வணக்கம்.

திருமங்கலம் பக்கம் எங்கள் பாலிடெக்னிக்கில் திங்கட்கிழமை புளூடூத் பாடம். பாடக்குறிப்பு நாளைக் காலை அச்சுக்குப் போகிறது. இரண்டு புளூடூத் கருவிகளை முதல் தடவை சேர்த்து வைக்கும் ‘பேரிங்’ (pairing) என்பதற்கு இன்று இரவுக்குள் ஒரு தமிழ்ச் சொல் வேண்டும்.

> ஊடலை இருக்கும்போது புளூடூத் எதற்கு?

ஐயா, ‘ஊடலை நிறுத்து’ என்று பலகையில் எழுதிப் பார்த்தேன். ஊடு + அலை என்று ஒருவரும் பிரிக்கவில்லை, ஊடல் + ஐ என்றுதான் படித்தார்கள். ஊடலுவகையில் குறளையே முடித்த மொழி, வேறு எப்படிப் படிக்கும்? தவிர, புளூடூத் என்பது ஓர் ஆளின் பட்டப்பெயர். பத்தாம் நூற்றாண்டு டென்மார்க் அரசன் ஹரால்ட் புளூடூத்தின் பெயரை 1997இல் இன்டெல்லின் ஜிம் கார்டாக் முன்வைத்தார். அந்தச் சின்னம்கூட அவன் பெயரின் இரண்டு ரூனிக் (பழைய வட ஐரோப்பிய) எழுத்துகள் சேர்ந்ததுதான். பெயரைப் பெயராகவே விடுவோம்.

சிக்கல் வினைச்சொல்லில். அகச்சிவப்புக் காலத்தில் இரண்டு போனையும் மூக்கோடு மூக்கு வைக்க வேண்டும், நடுவில் கை வந்தால் போச்சு. புளூடூத் ரேடியோ அலை, போன் பைக்குள் கிடந்தாலும் பேசும். அக்கம்பக்கத்துக் கருவி உள்ளே நுழையாமல் இருக்க, முதல் தடவை இரண்டும் தங்களுக்குள் ஒரு ரகசியச் சாவி உண்டாக்கி வைத்துக்கொள்கின்றன. அதுதான் பேரிங், ஒருமுறைதான். அப்புறம் தினமும் நடப்பது வெறும் இணைப்பு. போன வாரம் ஆய்வகத்தில் ஸ்பீக்கரை இணைக்கச் சொன்னால், ஒரு மாணவி ஒவ்வொரு தடவையும் பழையதை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினாள். பழைய குறிப்பில் இரண்டுக்கும் ‘இணை’ என்றே இருந்தது, அவள்மேல் தப்பில்லை.

> பிணை என்றால் கோர்ட் ஜாமீன்தான் நினைவுக்கு வரும்.

வரும், சரி. ஆனால் நெற்களத்தில் மாடுகளைக் கழுத்தோடு கழுத்துச் சேர்த்துக் கட்டிச் சூடடிப்பதைப் பிணையல் விடுவது என்பார்கள். பூமாலைக்கும் பிணையல் என்ற பெயர் உண்டு. தனித்தனியாக இருந்ததை முடிச்சுப் போட்டுச் சேர்ப்பது என்ற பொருள் இரண்டிலும் இருக்கிறது, நமக்கு வேண்டியதும் அந்த முடிச்சுதான். இணைப்பு வரும் போகும், பிணைப்பு அவிழ்க்கும்வரை இருக்கும். கிராமத்துப் பிள்ளைகளுக்கு இதை ஒரே நிமிடத்தில் விளக்கிவிடலாம்.

இதுவரை ‘பிணைத்தல்’ என்பதற்கு நான்கு பேர், ‘சோடி சேர்த்தல்’ என்பதற்கு ஒருவர், ஐயா இரண்டுக்கும் உடன்படவில்லை. பிணைத்தல் என்றே அனுப்புகிறேன், ஐயாவின் மறுப்பை அடிக்குறிப்பில் சேர்க்கிறேன்.

இன்னொன்று பாக்கி. சேமித்த கருவியை நீக்கும் பொத்தானுக்கு ‘பிணைப்பை அவிழ்’ என்று போடவா, ‘மறந்துவிடு’ என்று விடவா? பத்து மணிக்குள் சொல்லுங்கள்.