பேஸிவேஷனுக்குத் தமிழ்: 'மந்தமாக்கல்' பொருந்துமா?

அனைவருக்கும் வணக்கம்.

குரோமியம் குறித்த சொற்பட்டியலில் பேஸிவேஷனுக்கு (உலோகத்தின்மேல் அதன் ஆக்சைடே மெல்லிய படலமாகப் படிந்து அரிப்பைத் தடுப்பதற்கு) நேராக 'செயலறச் செய்தல்', 'மந்தமாக்கல்' என்று இரண்டு சொற்கள் நிற்கின்றன. இரண்டையும் எடுத்துவிட வேண்டும் என்பது என் கருத்து. ஓசைக்காகச் சொல்லவில்லை, பொருளே தலைகீழாகிறது.

குரோமியம் மந்தமான உலோகம் அன்று. அதன் திட்ட மின்வாய் அழுத்தம் −0.74 வோல்ட்; இரும்புக்கு −0.44. இந்த எண் எவ்வளவு எதிர்மறையோ அவ்வளவு எளிதில் உலோகம் அரிபடும். இந்தக் கணக்குப்படி இரும்பைவிட முந்திக்கொண்டு அரிபட வேண்டியது குரோமியம்தான். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டால் குமிழ்விட்டுக் கரைகிறது. அடர் நைட்ரிக் அமிலத்திலோ அப்படியே கிடக்கிறது. காரணம், ஆக்சிஜன்மேல் அதற்குள்ள பசி. காற்றோ நைட்ரிக் அமிலமோ பட்ட கணமே குரோமியம் ஆக்சைடு படிந்து உள்ளிருப்பதை மூடிவிடுகிறது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில், அதாவது நம் வீட்டு எவர்சில்வரில், இந்தப் படலத்தின் தடிமன் 1 முதல் 3 நானோமீட்டர்தான். எஃகில் குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் இருந்தால்தான் அது விட்டுப்போகாமல் படியும். கீறினாலும் காற்றுப் பட்டதும் தானே மூடிக்கொள்ளும். துரு அப்படியன்று, பொருக்குப் பொருக்காக உதிர்ந்து அடுத்த இரும்பைத் திறந்துவிடும்.

அடர் நைட்ரிக் அமிலத்தில் இரும்பு கரையாமல் நிற்பதை ஆராய்ந்த வேதியியலாளர் ஷோன்பைன் 1836இல் அந்த நிலையை 'பேஸிவ்' (செயலற்றது) என்றார். பெயர் வெளித்தோற்றத்திலிருந்து பிறந்தது. ஆக்சைடுப் படலம் காரணமாகலாம் என்று பாரடே உடனே சுட்டினார். காரணம் தெரிந்த நாம் ஏன் தோற்றத்தையே மொழிபெயர்க்க வேண்டும்?

பாலில் ஏடு கட்டுவதை ஒத்திருப்பதால் 'காப்பேடு' என்று முதலில் நினைத்தேன். எடுத்துவிட்டால் மறுபடி கட்டும் என்பதுவரை உவமை சரி. ஆனால் குறிப்பேடு, பதிவேடு வரிசையில் அது அலுவலகப் புத்தகம்போல ஒலிக்கிறது. 'காப்புப் படலம்' பெயின்ட்டுக்கும் பொருந்திவிடும். எனவே என் பரிந்துரை: படலத்துக்குத் 'தற்காப்புப் படலம்', நிலைக்குத் 'தற்காப்பு நிலை', உருப்படியை அமிலத்தில் இட்டு அந்நிலையை வரவழைக்கும் செய்முறைக்குத் 'தற்காப்பேற்றம்'.

*

ஐயா, வணக்கம்.

முதல் இரண்டும் ஏற்புடையவை. 'தற்காப்பேற்றம்' மட்டும் வேண்டாம். 'ஏற்றம்' என்றதும் முலாம் ஏற்றுவதுதான் நினைவுக்கு வரும். பேஸிவேஷன் செய்த உருப்படிக்கு "எத்தனை மைக்ரான் பூசினீர்கள்?" என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. குரோம் முலாம் என்பது குரோமிக் அமிலக் கரைசலில் மின்சாரம் செலுத்தி உலோகத்தைப் படியவைப்பது. பேஸிவேஷனிலோ எதையும் பூசுவதில்லை, எடுக்கிறோம்.

எதை எடுக்கிறோம் என்பதுதான் பெயருக்கு அடிப்படை. லேத்தின் வெட்டுளி, இரும்புக் கம்பி பிரஷ், சாதா இரும்பைத் தீட்டிய சாணைக்கல், எல்லாமே நுண்ணிய இரும்புத் துகளை மேற்பரப்பில் அப்பிவிடும். அந்த இடத்தில் ஆக்சைடு ஒழுங்காகப் படியாது. இரண்டு நாள் ஈரத்தில் கிடந்தால் பழுப்புப் புள்ளி தெரியும். "ஸ்டெயின்லெஸ் துருப்பிடித்துவிட்டது" என்பார்கள். துருப்பிடித்தது ஒட்டிக்கொண்ட இரும்பு.

முதலில் எண்ணெய்ப் பிசுக்கு முழுவதும் போக வேண்டும். தண்ணீர் ஊற்றினால் முத்துமுத்தாகப் பிரியாமல் ஒரே தாளாக வழிய வேண்டும். பிறகு 20–25 விழுக்காட்டு நைட்ரிக் அமிலத்தில் 49–60 பாகை செல்சியஸில் 20 நிமிடம். அல்லது 21–32 பாகையில் 30 நிமிடம். சிட்ரிக் அமிலம் என்றால் எடையில் 4–10 விழுக்காடு, 60–71 பாகையில் 4 நிமிடம் போதும், நச்சுப்புகையும் இல்லை. உடனே நல்ல நீரில் அலசிக் காயவிட வேண்டும். சோதனைக்கு 250 மில்லிலிட்டர் காய்ச்சி வடித்த நீரில் 4 கிராம் மயில்துத்தம், 1 மில்லிலிட்டர் கந்தக அமிலம் கலந்து உருப்படியின்மேல் தடவி, 6 நிமிடம் ஈரமாகவே வைத்துப் பாருங்கள். செம்பு நிறம் ஏறினால் இரும்பு இன்னும் ஒட்டியிருக்கிறது. உணவுப் பாத்திரங்களில் இச்சோதனை கூடாது.

கெடுவது பெரும்பாலும் அமிலத் தொட்டியில் குளோரைடு சேரும்போது. உப்புத்தண்ணீரில் அலசிய கூடையை அப்படியே இறக்கினால், பளபளப்பாகப் போன உருப்படி கருத்துச் சொரசொரப்பாக வெளியே வரும். கந்தகம் சேர்த்த 303 வகையை 304உடன் (இவை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலின் வகை எண்கள்) ஒரே கூடையில் போடுவதும் அப்படித்தான். அதன் சல்பைடு துணுக்குகள் முதலில் கரைந்து, அந்தக் குழிகளில் அமிலம் தங்கிவிடும்.

ஆகவே 'தற்காப்பு மீட்பு' என்று வைக்கலாம். இருந்த குணத்தைத் திரும்பக் கொடுக்கிறோம். புதிதாக எதையும் சேர்ப்பதில்லை.

*

'மீட்பு' என்னுடையதைவிடச் சரியான சொல். ஏற்றுக்கொள்கிறேன். காற்றில் தானே நடப்பதற்குத் 'தற்காப்புக் கொள்ளல்', தொட்டியில் நாம் செய்வதற்குத் 'தற்காப்பு மீட்பு' என்று பிரித்தால் குழப்பம் இராது.

இதையொட்டி இன்னும் மூன்று சொற்கள். படலம் ஓரிடத்தில் மட்டும் உடைந்து ஊசிமுனைபோல உள்ளே இறங்குவதற்குக் 'குழியரிப்பு'. எவர்சில்வர்ப் பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கும் முன்பே கல்லுப்பைப் போட்டால் அடியில் வெள்ளைப் புள்ளிகள் விழுகின்றனவே, அதுதான். கரையாமல் அடியில் தங்கிய உப்பைச் சுற்றிக் குளோரைடு செறிந்து படலத்தைத் துளைக்கிறது. கொதித்த பிறகு போட்டுக் கிளறினால் வராது. 316இல் 2–3 விழுக்காடு மாலிப்டினம் சேர்ப்பது இந்தக் குழியரிப்பைத் தடுக்கத்தான்.

சுமார் 450 முதல் 850 பாகை வரையிலான சூட்டில் 304 நெடுநேரம் இருந்தால், அதிலுள்ள கார்பன் உலோக மணிகளின் (நுண்படிகங்களின்) எல்லையில் குரோமியத்தைப் பிடித்துக் கார்பைடாக்கிவிடும். எல்லையோரம் 10.5 விழுக்காட்டுக்கும் கீழே போய்விடும். இதற்குக் 'குரோமிய வறட்சி' என்ற சொல்லைப் பரிந்துரைக்கிறேன். கார்பன் 0.03 விழுக்காட்டுக்கு மேற்படாத 304எல் தகட்டை வெல்டிங்குக்குத் தேர்வது இதனால்தான்.

மூன்றாவது, வெல்டிங் தையலின் இருபுறமும் வைக்கோல் நிறத்திலிருந்து நீலம்வரை ஓடும் கறை. தமிழில் 'நீலம்பாரித்தல்' என்ற சொல் கைவசமே இருக்கிறது. அந்தக் கறை தடித்த ஆக்சைடு. அடியில் குரோமியம் குறைந்த உலோகம். தற்காப்பு மீட்புத் தொட்டி அதை எடுக்காது. நைட்ரிக் அமிலத்தோடு ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் கலந்த பிக்கிளிங் கலவையால் உரித்த பிறகுதான் மீட்புக்கு அனுப்ப வேண்டும். பிக்கிளிங்குக்கு 'அமில உரிப்பு' என்றால் வேறுபாடு பெயரிலேயே தெரியும்: உரிப்பு உலோகத்தையே ஒரு படை எடுக்கிறது, மீட்பு ஒட்டிய இரும்பை மட்டும் எடுக்கிறது. வெல்டிங் பட்டறைகளில் இந்த நீலக்கறைக்கு வேறு சொல் வழங்கினால் எழுதுங்கள். அதற்கே முதலிடம் கொடுப்போம்.