சிஎன்சி வந்திட்டுது, இனிப் பெடியன் தச்சுவேலை பழகி என்ன செய்யிறது?

கோண்டாவில்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். அக்காவின்ர மகன் இந்தமுறை ஓஎல் எழுதிப்போட்டு இருக்கிறான், ஏஎல் படிக்கமாட்டன் மாமா எண்டு ஒரே பிடி. சின்னனிலயிருந்தே எங்கட ஒழுங்கையில இருக்கிற ஓடாவியாற்ற பட்டடையிலதான் கிடப்பான், இப்ப அங்கயே நிண்டு வேலை பழகப்போறானாம். எனக்கு மறுப்பில்லை, அத்தான்தான் விடுறாரில்லை. போன கிழமை ஒரு தளபாடக் கடையில கொம்பியூட்டர் சொல்லுறபடி மரத்தை வெட்டுற சிஎன்சி மெசின் ஓடுறதைப் பார்த்திட்டு வந்து, ஆளே இல்லாமல் மெசின் தன்பாட்டில மயில் செதுக்குது, மிச்சத்தை ரோபோ வந்து செய்யும், உளி பிடிச்சவன் எல்லாம் றோட்டிலதான் எண்டு சொல்லிக்கொண்டு திரியிறார். பெடியனைக் கொம்பியூட்டர் கோர்ஸ் ஒண்டில சேர்க்கச்சொல்லி என்னட்டயும் ஆக்கினை.

மெய்யா உது நடக்குமோ? தொழில் தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ. கைத்தொழில் ஒருநாளும் அழியாது எண்ட ஆறுதல் கதை வேண்டாம், பெடியன்ர சீவியம்.

பிட்உடைச்சான்:
அண்ணை நான் மானிப்பாய்ப் பக்கம் சிஎன்சிதான் ஓட்டுறன். அத்தான் பார்த்தது மெய், ஆனா அவர் பார்த்தது நடுத்துண்டை மட்டும்.

அந்த மயில் வெட்டுப்பட முதல் ஆரோ ஒராள் மரக்காலைக்குப் போய்ப் பலகை பார்த்து எடுக்கோணும், ஈரம் காயாத பலகையில வெட்டினால் வெட்டேக்க வடிவாத்தான் இருக்கும், பிறகு பலகை முறுகிக் கதவு நிலைக்குள்ள போகாது. எது நடுவில இருக்கிற வைரம் எது ஓரத்து வெள்ளை, இழை எந்தப் பக்கம் ஓடுது, எங்க முடிச்சு கிடக்குது, இது ஒண்டும் மெசினுக்குத் தெரியாது, அதுக்குத் தெரிஞ்சது எக்ஸ் வை இசட் மட்டும்தான். முதிரை மரத்தில இழை மாறி மாறி ஓடும், ஃபீட், அதாவது நகருற வேகத்தைக் கூட்டி விட்டால் இழை பிய்ஞ்சு வரும் இல்லாட்டி பிட், வெட்டுற அலகு, உடைஞ்சு போகும் (பேர் எப்பிடி வந்ததெண்டு இப்ப விளங்கும்). முதல் மொத்த பிட்டால கரட்டுமுரடா ஒருக்கா எடுத்து, பிறகு முனை உருண்டையான சின்ன பிட்டால நெருக்க நெருக்க ஓடவிடோணும், பெரிய கதவெண்டால் அதுக்கே கன மணித்தியாலம். நடுவில கரண்ட் போனால் திரும்பத் தொடங்கின புள்ளியை, ஸீரோவை, பிடிச்சு ஓடோணும், மயிரளவு பிசகினாலும் மயிலின்ர கழுத்தில கோடு விழும். 2022இல 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டின நேரம் நாங்கள் மெசினைச் சீலையால மூடிப்போட்டு உளியோடதான் இருந்தனாங்கள்.

இன்னொண்டு, பிட் உருளை. 6 மில்லிமீற்றர் பிட்டால சதுரக்குழி எடுத்தால் உள்மூலை 3 மில்லிமீற்றருக்கு வளைஞ்சுதான் நிக்கும். அந்த மூலையைச் சதுரமாக்கிறது ஆர்? உளியோட ஒராள்தான். எங்கட மெசினில பிட் மேலயிருந்துதான் இறங்கும், யாளியின்ர வாய்க்குள்ள இருக்கிற உருண்டை, இலையின்ர பின்பக்கம், உதெல்லாம் எடுபடாது. பிட் சரிஞ்சும் திரும்பியும் வெட்டுற அஞ்சு அச்சு மெசின் கனக்கச் செய்யும், ஆனா அந்த விலைக்கு இஞ்ச ஆர் வாங்கிறது, வாங்கினாலும் அதுக்குக் காணிற வேலை எங்க.

ஆனா ஒண்டை மறைக்கேலாது. கதவுக்கும் கட்டில் தலைமாட்டுக்கும் பூச்செதுக்கு மட்டும் செய்து சீவிச்ச ஆக்களுக்கு நல்ல அடி. சனம் விலையைத்தான் பார்க்குது. காசு குடுத்து நெட்டில எடுக்கிற அதே ஃபைல்தான் எல்லாரிட்டயும், ஒழுங்கைக்கு ஒழுங்கை ஒரே மயில் நிக்குது, அதைப்பற்றி ஒருத்தருக்கும் கவலையில்லை.

ஊரிக்காட்டான்:
ரோபோவுக்குப் பயப்பிடுற ஆக்கள் எங்கட கரைக்கு ஒருக்கா வாங்கோ. வல்வெட்டித்துறையில கட்டின அன்னபூரணி 1938இல அமெரிக்காவில குளொஸ்ரர் வரைக்கும் பாயில போனது, வேப்பமரத்தில கட்டின கப்பல். அப்பிடிக் கட்டின ஊரில இப்ப மரத்தில வள்ளம் கட்டத் தெரிஞ்ச ஆளைத் தேடித்தான் பிடிக்கோணும். ரோபோவே வந்து அழிச்சது? ஃபைபர். காரைநகரில சீநோர் எண்ட படகு கட்டுற இடத்தில நோர்வேக்காரற்ற உதவியோட ஃபைபர் போட் கட்டத் தொடங்கினது உங்களுக்குத் தெரியும்தானே, ஃபைபருக்குப் புழு விழாது, பாரம் இல்லை, பலகை இடுக்கு அடைக்கிற கலப்பத்துப் பார்க்கத் தேவையில்லை, ஒரு அச்சு இருந்தால் காணும், பிறகு எந்தக் கடற்தொழிலாளி மரத்தில கேப்பான். நானும் கேக்கமாட்டன்.

வீட்டுவேலையும் அப்பிடித்தான். 2009க்குப் பிறகு கட்டின வீடுகளைப் பாருங்கோ, யன்னல் அலுமினியம், பாத்ரூம் கதவு பிளாஸ்டிக், அலுமாரி மரநாரை அமத்திச் செய்த எம்டிஎஃப், கூரைக்குப் பனஞ்சிலாகை போட்ட இடத்தில இரும்பு பொக்ஸ்பார். பனை வெட்ட அனுமதி, ஏத்திப் பறிக்க பெர்மிட், பிறகு சீவோணும், ஆர் உந்த அலைச்சல் படுவான். இவ்வளவும் போய் மிஞ்சின முன்கதவுக்குத்தான் சிஎன்சி வந்து நிக்குது. சனம் இனியும் மரத்தில கேக்குமோ எண்டதுதான் எனக்குப் பயம், மெசின் எனக்கு ஒரு பொருட்டில்லை.

ரொறன்ரோகுளிர்:
ஊரிக்காட்டான் சொன்னதுக்கு ஒரு பழைய கதை இருக்கு. 1800களின்ர தொடக்கத்தில இங்கிலாந்தில போர்ட்ஸ்மவுத் கடற்படைத் துறையில பாய்க்கப்பலுக்கு மரக்கப்பி செய்ய மார்க் புரூனெல் எண்டவர் வரிசையா மெசின் போட்டவர். தொழில் தெரிஞ்ச 110 பேர் செய்த வேலையைத் தொழில் தெரியாத 10 பேர் செய்தவை, 1808இல வருசத்துக்கு 1,30,000 கப்பி. ஏன் சரிவந்தது எண்டால் கப்பி எல்லாம் ஒரே சாமான், குறிச்ச சில அளவு, வாங்கிறதும் ஒரே ஆள். கப்பலையே கட்டின தச்சரை அந்த மெசின் தொடேல்லை, அவையை முடிச்சது பிறகு வந்த இரும்பு.

இப்பத்தைய ரோபோ விசயம் கேட்டால், எம்ஐடியில 2018இல ஓட்டோசோ எண்டு ஒண்டு செய்தவை, ரோபோக்கள் பலகையைத் தூக்கி வாளில வைச்சு அளவுக்கு வெட்டும், மேசை கதிரையாப் பூட்டுறது மனுசர்தான். வாளில கை போறதைக் குறைக்கிறதும் அதின்ர ஒரு நோக்கம். விரல் போன ஓடாவிமார் ஊரில எத்தினை பேர், அந்த வேலையை ரோபோ எடுக்கட்டுமே. இஞ்ச கனடாவில கிச்சின் கபினெட் பக்டரியில வெட்டு, துளை எல்லாம் மெசின்தான், ஆனா வீட்டில கொண்டுபோய்ப் பூட்டுறவருக்கு நல்ல சம்பளம், ஏனெண்டால் ஒருத்தற்ற வீட்டுச் சுவரும் நேர் இல்லை.

பனங்கொட்டை:
நிலை வைக்கிற அண்டைக்கு வேட்டியும் தட்சணையும் மெசினுக்கோ குடுக்கிறது 😂

நாற்சார்வீடு:
சுவர் நேர் இல்லாத கதையை என்னட்டக் கேளுங்கோ. வட்டுக்கோட்டையில அம்மம்மாவின்ர நாற்சார் வீட்டைத் திருத்துறம், முதிரை நிலை ஒண்டின்ர அடிக்காலைக் கறையான் திண்டு போட்டுது. ரெண்டு பேர் வந்து பார்த்திட்டு நிலையைக் கழட்டி எறிஞ்சு கொங்கிறீற் நிலை வையுங்கோ எண்டினம். மூண்டாவதா வந்தவர் வயசான மனுசன், உளியால அடிக்காலைத் தட்டித் தட்டிச் சத்தம் கேட்டார், எதுவரை பழுது எண்டு பென்சிலால கீறினார், அதுக்கு மேல சாய்வா வெட்டி எடுத்துப்போட்டு வேறொரு பழைய முதிரைத் துண்டைக் கழுந்து வைச்சு ஏத்தினார். டேப் பிடிக்கேல்லை, ஒரு மட்டையை நிலையோட வைச்சு அதில கீறினதுதான் அளவு. கதவையும் கொஞ்சம் இடைவெளி விட்டுத்தான் சீவினார், நான் ஏன் இவ்வளவு எண்டு கேக்க, மாரி வரட்டும் பிள்ளை எண்டார். மாரியில கதவு ஊதிப் பிடிக்கும் எண்டது எனக்கு அப்பத்தான் ஓடிச்சுது.

ஆனா கோவமும் இருக்கு. நாளைக்கு வாறன் எண்டால் அடுத்த கிழமைதான் வருவார், ஃபோன் எடுக்கமாட்டார், பில் எண்டு ஒண்டும் கிடையாது. சனம் அலுமினியத்துக்கு ஓடுறதுக்கு விலை மட்டும் காரணமில்லை, சொன்ன நாளுக்கு அவன் கொண்டுவந்து பூட்டிப்போட்டுப் போறான். அந்த மனுசனுக்குக் கீழ பழகிறதுக்கும் ஒருத்தரும் இல்லை, மகன் பிரான்சிலயாம்.

கோண்டாவில்காரன்:
எல்லாருக்கும் நன்றி. அத்தானுக்கு வாசிச்சுக் காட்டினன், கப்பிக் கதையை மட்டும் பிடிச்சுக்கொண்டு "பார்த்தியே 100 பேருக்கு வேலை போயிருக்கு" எண்டுறார், என்னத்தைச் சொல்ல. பிட்உடைச்சான் தம்பி, பெடியன் ரெண்டையும் பழகலாமோ? முதல் எதைப் பழகோணும்?

பிட்உடைச்சான்:
முதல் மரம் அண்ணை. ஓடாவியாரிட்ட ஒரு வருசமாவது நிண்டு சீவுளி தீட்டவும் பலகை பார்க்கவும் பழகட்டும், டிசைன் சொஃப்ற்வெயாரைப் பிறகு மாசக்கணக்கில பிடிக்கலாம், மாறிப் பழகினவை எங்களிட்ட வேலைக்கு வந்து மரத்தையும் பிட்டையும் சேர்த்து முறிச்சுப்போட்டுப் போயிருக்கினம். பட்டடையில நிண்டுகொண்டே என்விகியூ எண்ட தொழில் தகைமைச் சான்றிதழுக்கும் பதியலாம், செய்த வேலையைக் காட்டி லெவல் எடுக்கிற வழி இருக்கு, பிறகு வெளிநாடு போறதெண்டாலும் கையில ஒரு கடதாசி இருக்கும். நாற்சார்வீடு அக்கா சொன்ன சொன்ன நாளுக்கு வாற பழக்கத்தையும் அவனுக்கு இப்பவே சொல்லி வையுங்கோ, அது ஒண்டு இருந்தாலே இஞ்ச வேலை வரிசையில நிக்கும்.

அத்தானையும் கூட்டிக்கொண்டு சனிக்கிழமை பின்னேரம் வாங்கோ, ஒரு கோயில் வாகனப் பீடத்துக்கு மெசினில பலகை ஏத்தப்போறன். பெடியனைச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வரச்சொல்லுங்கோ, செருப்போட உள்ள விடமாட்டன்.

நாற்சார்வீடு:
அவன் ஒரு வருசம் பழகி முடிய என்ர நம்பரைக் குடுங்கோ, ஆறு யன்னல் பாத்துக்கொண்டு கிடக்குது.