புதுப்பிப்பு: வீட்டிலேயே தைக்கும் முகாம் ஹாமக் (இரு மரங்களுக்கு நடுவே கயிற்றில் கட்டும் துணித் தொங்குபடுக்கை)

போன பதிவு, 3.3 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகல ரிப்ஸ்டாப் நைலானின் (கிழிசல் எளிதில் பரவாத கட்டநெசவுத் துணி) நீளவாட்டு ஓரங்களை 1 செ.மீ. இரட்டை மடிப்பாகத் தைப்பதோடு நின்றது. அதில் ஒரு திருத்தம்: தையல் நீளம் 2 மி.மீ. என்றது தவறு, 3 மி.மீ. வையுங்கள். நெருக்கமாகக் குத்தினால் துணி தபால்தலை ஓரம் மாதிரி துளையாகி, எடை ஏறும்போது அந்தக் கோட்டிலேயே கிழியும். குண்டூசியையும் மடிப்புக்குள்ளேயே குத்துங்கள்; இந்தத் துணியில் துளை மறையாது.

இனி அகலவாட்டு முனைகள் இரண்டும். விளிம்பை 1 செ.மீ. உள்ளே மடக்கி, மறுபடி 4 செ.மீ. மடித்தால் கயிறு கோர்க்கும் குழல் தயார். மூன்று வரிசைத் தையல், இரு நுனியிலும் பின்தையல் (பின்னோக்கித் தைத்துப் பூட்டுவது). பாலியஸ்டர் நூல்தான், பருத்தி நூல் ஈரத்தில் மக்கும். தையல் சுருக்கம் விழுகிறதா? மெஷினில் மேல்நூல் டென்ஷனை (இறுக்கத்தை) தளர்த்துங்கள், துணியை இழுக்காதீர்கள்.

கட்டும்போது கயிறு கிடைமட்டத்திலிருந்து 30 டிகிரி சரிவில் இருக்கட்டும். அப்போது ஒவ்வொரு பக்கக் கயிற்றிலும் ஏறக்குறைய உங்கள் எடை அளவே இழுவிசை. விறைப்பாக 10 டிகிரியில் கட்டினால் அது மூன்று மடங்கை நெருங்கும் (புதுத் தையல் பிய்வது பெரும்பாலும் இப்படித்தான்). முதல் சோதனை முழங்கால் உயரத்துக்குக் கீழே. மெதுவாக உட்கார்ந்து பார்த்த பிறகே படுப்பது.