நாற்பது வயதுக்கு மேல் டிசைன் கிளாஸ் போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

எனக்கு 46 வயது. திருச்சியில் சின்னதாக ஒரு பத்திரிகைக் கடை வைத்திருக்கிறோம். கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு, பில் புக் என்று ஆர்டர் பிடித்து அச்சகத்தில் அடித்துக் கொடுப்போம். டிசைன் மட்டும் வெளியே ஒரு தம்பியிடம் போகும். ஆவணி, தை வந்துவிட்டால் அவர் போனையே எடுக்க மாட்டார். மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் பி.இ. விட்டுப்போயிருந்தால் அதைச் சேர்க்கக்கூட அவர் பின்னால் அலைய வேண்டும், அதற்குள் பெண் வீட்டார் கடைக்கே வந்து உட்கார்ந்துவிடுவார்கள். சரி, நாமே கற்றுக்கொண்டால் என்ன என்று படம், எழுத்து வடிவமைக்கும் கோரல்டிரா, போட்டோவைத் திருத்தும் போட்டோஷாப் இரண்டும் சேர்ந்த கோர்ஸில் சேர்ந்தேன்.

கிளாஸில் என்னைத் தவிர எல்லாரும் காலேஜ் பிள்ளைகள். கீபோர்டில் நான் யாருக்கும் சளைத்தவள் இல்லை. தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணியவள். ஆனால் இங்கே இரண்டு கையும் கீபோர்டில் இருக்கக் கூடாதாம். இடது கை ஷார்ட்கட்டில், வலது கை மவுஸில். இத்தனை வருஷம் பழகிய விரல்கள், மவுஸை விட்டதும் தானாக ஏ எஸ் டி எஃப் வரிசைக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். அதற்குள் சார், "எஃப் 10, நோடைப் பிடிங்க, டு கர்வ் கொடுங்க, கண்ட்ரோல் எல், அவ்வளவுதான்" என்று முடித்திருப்பார். (நோடு என்பது கோட்டின் மேல் வைக்கும் புள்ளி, டு கர்வ் கொடுத்தால் நேர்கோட்டை வளைக்கலாம்.) ஒவ்வொன்றுக்கும் கடைசியில் அந்த 'அவ்வளவுதான்' வரும். எனக்கு எரிச்சலே அதில்தான். நான் இன்னும் அந்த டூலையே தேடிக்கொண்டிருப்பேன். ஏனென்றால் கோரலில் பாதி டூல் வேறொரு டூலுக்கு அடியில் ஒளிந்திருக்கும், ஓரத்தில் இருக்கும் குட்டி முக்கோணத்தை அழுத்திப் பிடித்தால்தான் வெளியே வரும். இதை முதல் கிளாஸில் ஒரு வரி சொன்னால் என்ன குறைந்துவிடும்?

நோட்டில் ஷார்ட்கட்டாக எழுதித் தள்ளினேன், பிரயோஜனமில்லை. கண்ட்ரோல் ஜி குரூப், கண்ட்ரோல் எல் கம்பைன் என்று இருக்கிறது, இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று யாரும் சொல்லவில்லை. கிளாஸ் முடிந்த பிறகு உட்கார்ந்து நானே போட்டுப் பார்த்துப் புரிந்துகொண்டதுதான். குரூப் என்பது நூலால் கட்டி வைப்பது, வேண்டும்போது அவிழ்த்துக்கொள்ளலாம், உள்ளே இருப்பவை அப்படியே இருக்கும். கம்பைன் கொடுத்தால் எல்லாம் சேர்ந்து ஒரே உருவமாகிவிடும், ஒன்றின் மேல் ஒன்று ஏறிய இடம் ஓட்டையாகும். எழுத்துக்கு நடுவில் பின்னணி தெரியும்படி டிசைன் செய்வதெல்லாம் இப்படித்தான் என்று தெரிந்ததும், அந்த ஷார்ட்கட் அப்புறம் மறக்கவே இல்லை.

பிள்ளையார் படத்தை அவுட்லைன் எடுப்பது தனிக் கொடுமை. பக்கத்தில் இருந்த பெண் ஒரே கிளாஸில் முடித்துவிட்டாள். என் பிள்ளையாருக்குத் தும்பிக்கை முழுக்க மூலை மூலையாக இருந்தது. அந்தப் பெண்தான் எட்டிப் பார்த்து, "ஆன்ட்டி, எதுக்கு இவ்வளவு நோடு? வளைவு திரும்புற இடத்துல மட்டும் வையுங்க" என்றாள். நெருக்கமாகப் புள்ளி வைத்தால் சுத்தமாக வரும் என்றுதான் யாரும் நினைப்போம், உண்மை நேர்மாறு. நோடு குறையக் குறையத்தான் வளைவு வழுக்கிக்கொண்டு போகிறது.

நான் ஜெயித்த நாளும் உண்டு. கலர் பாடம். திரையில் ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீல ஒளி), அச்சில் சிஎம்ஒய்கே (நான்கு கலர் மை) என்று சார் ஆரம்பித்ததுமே எனக்குக் கதை தெரியும். திரையில் பளிச்சென்று தெரியும் கிளிப்பச்சை நான்கு கலரில் அடித்தால் மங்கிவிடும், அதற்காக வாடிக்கையாளரிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சமா? ஓரத்தில் வெட்டுவதற்காகக் கூடுதலாக விடும் 3 மில்லிமீட்டர் ப்ளீட் எதற்கு என்று கேட்டபோதும் கட்டிங் மிஷின் எப்படி நகரும் என்று நான்தான் சொன்னேன். பிள்ளைகளில் யாரும் அச்சகத்துக்குள் கால் வைத்ததில்லை.

இன்னொரு குறை. கிளாஸ் முழுக்க 'ஹேப்பி பர்த்டே'தான். தமிழ் அடித்தால் போட்டோஷாப்பில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. சாரைக் கேட்டால் "பாமினி ஃபான்ட்ல அடிங்க" என்கிறார். அது யூனிகோடுக்கு முந்தைய பழைய முறை ஃபான்ட். இப்போது எல்லா இடத்திலும் புழங்கும் யூனிகோடிலேயே சரியாக வர வழி இருக்கிறது. பழைய பதிப்புகளில் ப்ரிஃபரன்ஸஸில் டைப் பகுதிக்குப் போய் 'மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அதற்கப்புறம் திறக்கும் புதிய ஃபைலில்தான் அது வேலை செய்யும். இதைத் தேடிப்பிடிக்கவே எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது, அதனால் இங்கே போட்டுவைக்கிறேன். உங்கள் கதையையும் எழுதுங்கள்.

---

அம்மா, நான் கோயம்புத்தூர், சிவில் டிராஃப்ட்ஸ்மேன். உங்களுக்கு கோரல் என்றால் எனக்கு கட்டட வரைபடம் போடும் ஆட்டோகேட். டிராயிங் போர்டு, மினி டிராஃப்டர், ராட்ரிங் பேனா, ட்ரேசிங் ஷீட், தப்பு வந்தால் பிளேடால் மெல்லச் சுரண்டுவது என்று பழகிய ஆள் நான். ஆபீஸில் போர்டையெல்லாம் எடுத்துவிட்டு கம்ப்யூட்டர் வைத்தபோதுதான் கிளாஸுக்குப் போனேன். சொல்லிக்கொடுத்தது என் மகள் வயதுப் பெண், அங்கிள் என்றுதான் கூப்பிடும். முதல் நாள் நான் கேட்டது, "ஸ்கேல் என்னம்மா?" "ஸ்கேல் எல்லாம் இப்ப வேண்டாம் அங்கிள், அப்படியே போடுங்க" என்றது. என் தலைக்குள் ஏறவே இல்லை. 12 மீட்டர் சுவர் என்றால் 1:100ல் 120 மில்லிமீட்டர் என்று கை தானாகக் கணக்குப் போட்டுவிடும். இங்கே 12000 என்று முழு அளவையும் கொடுக்க வேண்டும், ஸ்கேல் எல்லாம் பிளாட், அதாவது பேப்பரில் பிரிண்ட், எடுக்கும்போது பார்த்துக்கொள்ளலாம். ஷீட்டே இல்லாத இடத்தில் வரைவது எனக்குக் கிலியாக இருந்தது, ஒரு ஜூம் தவறினால் வீடே காணாமல் போய்விடும்.

அப்புறம் கோட்டின் தடிமன். எங்களுக்கு 0.2, 0.5 மில்லிமீட்டர் என்று பேனா மாற்றினால்தான் சுவர் எது, டைமன்ஷன் எது என்று கண்ணுக்குத் தெரியும். திரையில் எல்லாக் கோடும் ஒரே தடிமன், கலர் மட்டும் வேறு வேறு. ஒரு பழைய மேஸ்திரி, அவரும் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டவர், "சார், சிவப்பு கலர்னா 0.2 பேனான்னு நினைச்சுக்கங்க, பிளாட் எடுக்கறப்ப அப்படித்தான் செட் பண்ணியிருக்கோம்" என்றார். சுவர், டைமன்ஷன் என்று ஒவ்வொரு வகைக் கோட்டையும் தனித்தனிக் கலரோடு பிரித்து வைக்கும் லேயர் எதற்கு என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

---

நான் சொல்லிக்கொடுக்கிற பக்கம். கோபப்படாதீர்கள். ஒரே பேட்சில் பல வயது ஆட்கள், சிலபஸை இத்தனை வாரத்துக்குள் முடி என்று மேலே இருந்து நெருக்குவார்கள், 'அவ்வளவுதான்' என்று வாயில் வருவது அதனால்தான். ஆனால் நான் பார்த்தவரை பெரியவர்கள் பின்தங்குவது மூளையால் இல்லை. சின்னப் பசங்க வீட்டுக்குப் போய் ராத்திரி ஒரு மணி வரை அதையே நோண்டுவார்கள், நீங்கள் கிளாஸில் நோட்டு எழுதுவீர்கள். எழுதும் நேரத்தில் மவுஸ் சும்மா இருக்கிறதே. இன்னொன்று, கேட்கவே மாட்டீர்கள். மற்றவர்கள் முன்னால் கேட்கக் கூச்சம். உங்கள் கடை ஆர்டர் ஒன்றையே கொண்டுவந்து "இதைப் போடணும், எப்படி?" என்று கேட்டால் எனக்கும் சொல்லிக்கொடுக்கச் சுலபம்.

---

சிங்கப்பூரிலிருந்து. இங்கே 40 வயது தாண்டிய குடிமக்களுக்கு 2024 மே மாதத்திலிருந்து அரசின் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் பயிற்சித் திட்டத்தில் 4,000 வெள்ளி கூடுதல் கிரெடிட் கொடுத்தார்கள், அதில் ஒரு டிசைன் கோர்ஸ் எடுத்தேன். என் வகுப்பில் பாதிப் பேர் தலை நரைத்தவர்கள், அதனால் கேட்கக் கூச்சம் என்பது இல்லை. ஒருவர் நிறுத்தச் சொன்னால் எல்லாருக்கும் நிம்மதி. ஆனால் வகுப்பில் இருந்தது மேக், என் வீட்டில் விண்டோஸ். அங்கே கமாண்ட், இங்கே கண்ட்ரோல் என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் விரலை மாற்றிப் பழக்க வேண்டியிருந்தது. சேருமுன் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

---

முதலில் எழுதியவள்தான். சொல்லிக்கொடுக்கிற தம்பிக்கு: கேட்கவில்லை என்று சொல்லாதீர்கள், கேட்டேன், பாமினி என்று பதில் வந்தது. ராத்திரி ஒரு மணி வரை நோண்ட எனக்கு நேரமும் இல்லை, கடை அடைத்து, சமைத்து, மாமியாருக்கு மாத்திரை கொடுத்து உட்காரும்போதே பத்தரை. ஆனால் சொந்த ஆர்டரைக் கொண்டுபோகும் யோசனை நல்ல யோசனை, ஒரு காதணி விழாப் பத்திரிகையை அப்படித்தான் முடித்தேன். அச்சகத்துக்கு அனுப்பும் முன் கண்ட்ரோல் க்யூ அடித்து எழுத்தையெல்லாம் கர்வாக, அதாவது வெறும் வடிவமாக, மாற்றியதால் அங்கே ஃபான்ட் இல்லை என்ற பேச்சே வரவில்லை. கோயம்புத்தூர் சாருக்கு, ஷீட் இல்லாத பயம் எனக்கும் உண்டு. கோரலில் எஃப் 4 அடித்தால் வரைந்தது எல்லாம் திரைக்குள் வந்துவிடும்.

அடுத்து கோரல் மாதிரியே வரையும் இன்னொரு சாஃப்ட்வேரான இல்லஸ்ட்ரேட்டர் ஆரம்பிக்கிறார்கள். அதில் கம்பைனுக்குப் பதில் கண்ட்ரோல் 8, கர்வ் ஆக்க கண்ட்ரோல் ஷிஃப்ட் ஓ என்று கிளாஸில் என் பக்கத்தில் உட்காரும் பெண் சொல்கிறாள். பழக்கதோஷத்தில் கண்ட்ரோல் க்யூ அடித்தால் சாஃப்ட்வேரே மூடிக்கொள்ளுமாம். இரண்டு சாஃப்ட்வேரின் ஷார்ட்கட்டையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதி வைத்திருப்பவர்கள் இருந்தால் இங்கே போடுங்கள், தமிழிலேயே.