விபரத்திரட்டு கார்த்திகையில், காசு புரட்டாதியில்

மாங்குளத்தான் எழுதியது:

சம்பளத்திலிருந்து மாதாமாதம் வரி கழிக்கப்படுகிற ஒருவருக்கு வருமான வரியைப் பற்றி மேற்கொண்டு அறிய வேண்டியது ஒன்றுமில்லை என்று நான் நீண்ட காலம் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கை எவ்வளவு காசைக் கொண்டுபோனது என்பதை இங்கே கணக்கோடு எழுதுகிறேன். அனுபவம் உள்ள மற்றவர்களும் எழுதினால் நல்லது.

2023 சித்திரை (ஏப்ரல்) 1 முதல் 2024 பங்குனி (மார்ச்) 31 வரையான மதிப்பீட்டு ஆண்டில் எனது மாதச் சம்பளம் 120,000 ரூபாவாக இருந்தது. தனிநபர் நிவாரணம், அதாவது வரியில்லாமல் விடப்படும் தொகை, அப்போது ஆண்டுக்கு 12 இலட்சம் என்பதால், அதற்கு மேற்பட்ட 240,000 ரூபாவுக்கு 6 வீதப்படி மாதம் 1,200 ரூபா, ஆண்டுக்கு 14,400 ரூபா சம்பளப் பட்டியலிலேயே கழிந்துவிட்டது. பிழை தொடங்கியது வவுனியாவில் உள்ள வீட்டில். அதை மாதம் 60,000 ரூபாவுக்கு வாடகைக்குக் கொடுத்திருந்தேன். ஆண்டு வாடகையான 720,000 ரூபாவில் திருத்தம், பராமரிப்புக்கென்று சட்டம் 25 வீதத்தைக் கழிக்க விடுகிறது. எஞ்சுவது 540,000 ரூபா. நிவாரணம் முழுவதும் சம்பளத்திலேயே தீர்ந்துபோனதால் இந்தத் தொகை அப்படியே வரிக்குட்பட்டது. இரண்டையும் கூட்டினால் வரிக்குரிய வருமானம் 780,000 ரூபா. முதல் 5 இலட்சத்துக்கு 6 வீதமும் அடுத்த 280,000 ரூபாவுக்கு அன்றைய 12 வீதமுமாக மொத்த வரி 63,600 ரூபா. ஏற்கெனவே கழிந்ததைக் கழித்தபின் நான் கட்ட வேண்டியிருந்தது 49,200 ரூபா.

இந்தக் கணக்கை நான் சரியாகவே போட்டிருந்தேன். நாளைத்தான் பிழையாக விளங்கிக்கொண்டேன். விபரத்திரட்டை, அதாவது ஆண்டு வருமானத்தையும் வரியையும் காட்டும் படிவத்தை, கொடுக்கும் இறுதி நாள் 2024 கார்த்திகை (நவம்பர்) 30 என்று அறிந்ததும், காசும் அன்றைக்குத்தானே என்று எண்ணிக் கார்த்திகை நடுப்பகுதி வரை பொறுத்திருந்தேன். கணக்காளராக இருக்கும் மைத்துனரிடம் படிவத்தைக் காட்டியபோது அவர் கேட்ட முதற் கேள்வி, "அத்தான், புரட்டாதி முப்பது போய் ஒன்றரை மாதமாகிவிட்டதே, காசு கட்டின சீட்டு எங்கே?" என்பதுதான்.

அவர் விளக்கியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆண்டு நடந்துகொண்டிருக்கும்போதே ஆவணி 15, கார்த்திகை 15, மாசி 15 ஆகிய நாட்களிலும், ஆண்டு முடிந்தபின் வைகாசி 15 அன்றும் நான்கு தவணைகள் கட்டப்பட வேண்டும். அவற்றில் குறைவிருந்தால் மிகுதியைப் புரட்டாதி 30க்குள் தீர்க்க வேண்டும். கார்த்திகை 30 என்பது எழுத்து வேலைக்கான நாள் மட்டுமே. உரிய நாளிலிருந்து 14 நாட்களுக்குள் மிகுதி வரி கட்டப்படாவிட்டால் கட்டாத தொகையில் 20 வீதம் தண்டப்பணம். தவணையைத் தவறவிட்டால் அந்தத் தவணையில் 10 வீதம். இவற்றுக்கு மேலாக மாதத்துக்கு 1.5 வீத வட்டி. எனது 49,200 ரூபாவில் 20 வீதம் மட்டும் 9,840 ரூபா. கூரைக்கு ஓடு மாற்ற ஒதுக்கியிருந்த காசு அது.

ஓய்வுபெற்ற அதிபர், முள்ளியவளை:

தம்பியின் கதை கட்டாமல் விட்டதைப் பற்றியது. என்னுடையது கட்டத் தேவையில்லாததைக் கட்டிய கதை. எனது அரச ஓய்வூதியத்துக்கு வருமான வரி இல்லை. பணிக்கொடையையும் சேமிப்பையும் இரண்டு வங்கிகளில் நிலையான வைப்பில் இட்டிருக்கிறேன்; இரண்டிலிருந்தும் ஆண்டுக்கு ஏறத்தாழ 9 இலட்சம் ரூபா வட்டி வருகிறது. 2025 சித்திரை 1 முதல் வட்டியில் பிடித்துவைக்கும் வரி 5 வீதத்திலிருந்து 10 வீதமாக உயர்ந்தபோது, அதே நாளிலிருந்து தனிநபர் நிவாரணமும் 18 இலட்சமாக உயர்ந்ததை நான் கவனிக்கவில்லை. நிவாரணத்தைக் கழிக்கும் முன் மதிப்பிடத்தக்க வருமானம் ஆண்டுக்கு 18 இலட்சத்தைத் தாண்டாத ஒருவர் தமது வரி இலக்கத்தோடு சுயபிரகடனப் படிவத்தை வங்கியில் கொடுத்தால் அந்த 10 வீதம் பிடிக்கப்படமாட்டாது. நான் அதை ஒரு வங்கியில் கொடுத்துவிட்டு, மற்ற வங்கிக்கும் அந்தச் செய்தி தானாகவே போய்விடும் என்று நினைத்தேன். நாற்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பித்தவன் செய்த வேலை இது.

மற்ற வங்கியில் பிடிக்கப்பட்டது இப்போது உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் எனது பெயரில் இருக்கிறது. அதைத் திரும்பப் பெற வேண்டுமானால், வங்கி தரும் வரிக் கழிவுச் சான்றிதழோடு விபரத்திரட்டுக் கொடுக்க வேண்டும். வரி கட்டக் கடமை இல்லாத எனக்கும் கார்த்திகை 30 இவ்வாறு முக்கியமான நாளாகிவிட்டது. படிவத்தை ஆண்டுதோறும் புதிதாகக் கொடுக்க வேண்டும் என்பதையும் என் வயதொத்தவர்கள் மனத்தில் வைத்திருக்க வேண்டும்.

இன்னொன்று: டின் எனப்படும் வரி இலக்கத்தை எடுத்தாலே வரி வரும் என்று பயந்து எங்கள் ஊரில் பலர் அதை எடுக்காமல் இருக்கிறார்கள். இலக்கம் வேறு, கடப்பாடு வேறு. இலக்கம் இல்லாமல் மேற்சொன்ன படிவத்தையே கொடுக்க முடியாது.

அறிவியல்நகர்ப் பெண் எழுதியது:

அதிபர் ஐயாவுக்கு வங்கி பிடிக்கிறது, அண்ணாவுக்கு அலுவலகம் கழிக்கிறது. எனக்காகக் கழிப்பதற்கு யாருமே இல்லை. கிளிநொச்சியில் வீட்டிலிருந்தபடி வெளிநாட்டு நிறுவனமொன்றுக்கு மென்பொருள் வேலை செய்கிறேன். ஊதியம் வெளிநாட்டு நாணயத்தில் வங்கிக்கு வரும். இத்தகைய வருமானத்துக்கு இருந்த விலக்கு 2025 பங்குனி 31உடன் முடிந்து, அடுத்த நாளிலிருந்து அதிகபட்சம் 15 வீதம் என்ற எல்லையோடு வரி வந்தது.

மாதம் சராசரியாக 250,000 ரூபா என்று வைத்தால் ஆண்டுக்கு 30 இலட்சம்; நிவாரணம் போக 12 இலட்சம். முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதப்படி 60,000 ரூபா, மிகுதி 2 இலட்சத்துக்கு 15 வீதப்படி 30,000 ரூபா, ஆக 90,000 ரூபா. நான்காகப் பிரித்தால் தவணைக்கு 22,500 ரூபா. கேட்பதற்கு இலேசாக இருக்கும் இந்தக் கணக்கில் உள்ள சிக்கல், ஆவணி 15 அன்று ஆண்டின் நான்கரை மாதங்கள்தான் முடிந்திருக்கின்றன என்பதுதான். ஆண்டு முழுவதும் என்ன உழைப்பேன் என்பதை அப்போதே மதிப்பிட வேண்டும். மாசியில் புதிய ஒப்பந்தமொன்று வந்தபோது நான் நான்காவது தவணையைக் கூட்டிக் கட்டினேன். டொலரின் பெறுமதி மாறியதால் ஏற்பட்ட சிறு குறைவைப் புரட்டாதிக்குள் கட்டுவதற்காக ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

முதல் தவணையை நான் மறப்பதற்கு வழியே இருக்கவில்லை. ஆவணி 15 மடு மாதாவின் திருவிழா நாள். அம்மா மடுவுக்குப் புறப்படுவதற்கு முன்பே வங்கி வேலையை முடித்துவிட வேண்டும் என்று எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டாகிவிட்டது.

புதுக்குடியிருப்புக் கடைக்காரர்:

நான் காசை எல்லாம் உரிய நாளில் கட்டியவன். அதனாலேயே விபரத்திரட்டை அலட்சியமாக விட்டேன். கட்டிய பின் பத்திரத்தில் என்ன இருக்கிறது என்ற எண்ணம். இணையத்தில் நிரப்புவதற்குக் கடைசி நாள் மாலைவரை பொறுத்திருந்தேன்; கார்த்திகைக் கடைசியில் வன்னி எப்படியிருக்கும் என்பதை இங்குள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மழையோடு மின்சாரம் போனது, சற்று நேரத்தில் தொலைபேசிக் கோபுரமும் ஓய்ந்தது. மூன்று நாட்கள் கழித்துத்தான் அனுப்ப முடிந்தது.

பிந்திக் கொடுப்பதற்குச் சட்டத்தில் உள்ள தண்டம் இரண்டு வகையாகக் கணக்கிடப்படுகிறது: செலுத்த வேண்டிய வரியில் 5 வீதமும் ஒவ்வொரு மாதத்துக்கும் அல்லது மாதத்தின் பகுதிக்கும் மேலும் 1 வீதமும் ஒரு வகை, 50,000 ரூபாவும் மாதத்துக்கு 10,000 ரூபாவும் மற்ற வகை. எது கூடவோ அதுவே விதிக்கப்படும், உச்சம் 400,000 ரூபா. மூன்று நாட்களும் ஒரு மாதத்தின் பகுதிதான். மின்தடையைக் காரணமாகக் காட்டி எழுதியிருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை. காசை ஒழுங்காகக் கட்டியவனுக்குப் பத்திரத்துக்காக இவ்வளவா என்று எனக்குக் கோபம் உண்டு. ஆனால் படிவம் மாதக்கணக்கில் திறந்திருந்ததை என்னால் மறுக்க முடியாது.

மாங்குளத்தான் எழுதியது:

கடைக்கார அண்ணா எழுதியதை வாசித்தபின் நான் ஆவணியிலேயே விபரத்திரட்டை நிரப்பத் தீர்மானித்திருக்கிறேன். சம்பளத்தில் கழித்ததற்கான சான்றிதழை அலுவலகத்தில் இப்போதே கேட்டுவிட்டேன். நிரப்பிப் பார்த்தால் கட்ட வேண்டிய மிகுதி புரட்டாதிக்கு முன்பே தெரிந்துவிடும் என்பதால், இரண்டு நாட்களையும் ஒரே வேலையில் முடித்துவிடலாம்.

வங்கியில் கட்டுகிறவர்களுக்கு ஒரு சொல். சீட்டில் வரி இலக்கத்தோடு, எந்த ஆண்டுக்குரிய எந்தத் தவணை என்பதைக் காட்டும் காலக் குறியீடும் எழுத வேண்டும். வைகாசி 15 அன்று கட்டுவது முடிந்துபோன ஆண்டின் நான்காவது தவணை. புதிய ஆண்டு சித்திரையில் தொடங்கிவிட்டதே என்று நினைத்து நான் சென்றமுறை புதிய ஆண்டின் குறியீட்டை எழுதிவிட்டேன். காசு போய்ச் சேர்ந்தது, ஆனால் பழைய தவணை கட்டப்படாததாகவே கணக்கில் நின்றது. அதை மாற்றுவித்து எடுப்பதற்கு ஒரு கடிதமும், சீட்டின் பிரதியும், இரண்டு நாள் விடுப்பும் தேவைப்பட்டன. சீட்டைப் படமெடுத்து வைத்திருந்தது மட்டும் நான் செய்த உருப்படியான காரியம்.