4 கட்டத்தில் 8 எம்பி கேமரா: இரண்டு ஓடுகிறது, இரண்டு கறுப்பாகிறது

கேள்வி:
16 சேனல் என்விஆர் (கேமரா வீடியோவைப் பதிவு செய்யும் பெட்டி), 10 கேமரா, எல்லாம் 8 எம்பி (மெகாபிக்சல்), வீடியோவைச் சுருக்கும் முறை எச்.265. லைவ் திரையை 16 கட்டமாகப் பிரித்தால் எல்லாமே தெரிகிறது. 4 கட்டத்துக்கு மாற்றினால் இரண்டில் மட்டும் படம், மற்ற இரண்டிலும் ‘நோ ரிசோர்ஸ்’. கேபிள், ஸ்விட்ச் மாற்றியும் அப்படியேதான். ரெக்கார்டிங்கும் விட்டுப்போகுமா சார்?

பதில்:
போகாது. கேமரா சுருக்கி அனுப்பும் வீடியோவை என்விஆர் அப்படியே டிஸ்கில் எழுதிவிடும். அதை விரித்துப் படமாக்கும் டிகோடிங் வேலை திரையில் காட்டும்போதுதான். பெட்டியில் போட்டிருக்கும் ‘16 சேனல்’ பதிவுக்கான எண். டேட்டாஷீட்டில் டிகோடிங் வரியைப் பாருங்கள், ‘2 சேனல் 8 எம்பி அல்லது 8 சேனல் 1080பி’ என்பதுபோல் இருக்கும். 3840×2160 என்றால் சுமார் 83 லட்சம் பிக்சல், அதாவது நான்கு 1080பி (1920×1080) படம். 4 கட்டத்தில் மெயின் ஸ்ட்ரீம் (கேமராவின் முழு அளவுப் படம்) ஓடினால் பதினாறு 1080பி சுமை! 16 கட்டத்தில் சப் ஸ்ட்ரீமுக்கு (அதே கேமரா கூடவே அனுப்பும் சிறிய படம்) என்விஆர் தானே இறங்கிவிடுவதால் தப்பிக்கிறது.

லைவ் திரையில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஸ்ட்ரீம் வகையை ‘சப்’ ஆக்குங்கள். கேமராவில் சப் ஸ்ட்ரீமை 704×576, 15 ஃபிரேம், 512 கேபிபிஎஸ் வையுங்கள். முகம் பார்க்க வேண்டுமானால் அந்தக் கட்டத்தை மட்டும் டபுள் கிளிக் செய்து முழுத்திரையில் மெயினுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

இன்னொருவர்:
மெயின் ஸ்ட்ரீம் பிட்ரேட்டை (நொடிக்கு அனுப்பும் டேட்டா அளவை) 8192 கேபிபிஎஸ்ஸிலிருந்து 2048க்கு இறக்கினால் சரியாகும் என்று பலர் செய்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். டிகோடிங் கணக்கு பிக்சலையும் ஃபிரேமையும் வைத்துத்தான். பிட்ரேட்டைக் குறைத்தால் பதிவுதான் கெடும், ஓடும் வண்டியின் நம்பர் பிளேட் கரைந்துபோகும். இரண்டாவது மானிட்டரில் வேறு கேமராக்கள் ஓடினால் அதுவும் இதே டிகோடிங்கில் பங்கு கேட்கும்.

கேட்டவர்:
சப் வைத்ததும் நான்கும் வந்துவிட்டது, நன்றி சார். பிளேபேக்கில் நான்கைச் சேர்த்து ஓட்டினால் மறுபடி அதே செய்தி.

பதில்:
டிஸ்கில் மெயின் மட்டும் பதிவாகியிருக்கும். ரெக்கார்ட் செட்டிங்கில் ‘டூயல் ஸ்ட்ரீம்’ போடுங்கள், சப்பும் சேர்ந்து பதிவாகும். 512 கேபிபிஎஸ்ஸுக்கு ஒரு கேமரா நாளொன்றுக்கு சுமார் 5.5 ஜிபி, பத்துக்கு 55 ஜிபி கூடுதலாகப் பிடிக்கும். பழைய பதிவுக்கு இது உதவாது. அதை இரண்டிரண்டாகப் பாருங்கள், அல்லது பென்டிரைவில் எடுத்துக் கம்ப்யூட்டரில் ஓட்டுங்கள். எக்ஸ்போர்ட்டுக்கு டிகோடிங் தேவையில்லை.

ஓட்டும்போது ஸ்லைடரை இழுத்தால் படம் நின்று நின்று வருகிறதா? எச்.265 பிளஸ்ஸை (இன்னும் அதிகமாகச் சுருக்கும் முறை) நிறுத்தி, 15 ஃபிரேமுக்கு ஐ-ஃபிரேம் (மற்ற ஃபிரேமைச் சாராத முழுப்படம்) இடைவெளியை 30 வையுங்கள். பிளஸ்ஸில் ஐ-ஃபிரேம்கள் தள்ளித்தள்ளி விழும், என்விஆர் அடுத்தது வரும்வரை காத்திருக்கும்.