பிரஷர் மாத்திரையை நிறுத்தினார் அப்பா, இப்போது டயாலிசிஸ். உங்கள் வீட்டு அனுபவம் என்ன?

அப்பாவுக்கு 46 வயதில் பிரஷர் 170/100. அம்லோடிபின் தினம் ஒன்று போடச் சொன்னார்கள். இரண்டே மாதத்தில் 130/80. "அதான் குறைஞ்சிடுச்சே, இன்னும் எதுக்கு மாத்திரை?" என்று அவரே நிறுத்திவிட்டார். தலைவலி, மயக்கம் எதுவும் இல்லாததால் நாங்களும் கேட்கவில்லை. அலமாரியில் பஞ்சாங்கத்துக்குப் பின்னால் பாதி பிரித்த அட்டைகள் ஏழெட்டு கிடந்ததை, அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகுதான் பார்த்தேன்.

நடுவில் ஒன்பது வருஷம். ராத்திரி மூன்று நான்கு தடவை எழுந்து போவார். வயசானால் அப்படித்தான் என்று விட்டோம். சாயங்காலம் செருப்பு வார் பதிந்த தடம் காலில் அப்படியே நிற்கும். சிறுநீர் சோப்புத் தண்ணீர் மாதிரி நுரைக்கிறது என்று அம்மாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறார்.

கடைசியில் கண்டுபிடித்தது பல் டாக்டர்! பல் பிடுங்கும் முன் பிரஷர் பார்த்தால் 200/110. பல்லைத் தொடவே மாட்டேன் என்று அனுப்பிவிட்டார். மறுநாள் ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் (கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவு) 4.8. ஏறக்குறைய 1.2-க்குள் இருக்க வேண்டியது. ஸ்கேனில் இரண்டு கிட்னியும் சுருங்கியிருந்தன. கிட்னிக்குள் இருக்கும் பொடி ரத்தக் குழாய்கள் வருஷக்கணக்கில் அழுத்தத்தைத் தாங்கித் தடித்துப்போகுமாம். ரத்தம் சரியாக வராமல் வடிகட்டிகள் ஒவ்வொன்றாகச் செத்துவிடும். கிட்னி கெட்டதும் பிரஷர் இன்னும் ஏறும்.

இப்போது வாரம் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம் டயாலிசிஸ். இடது கையில் ஃபிஸ்டுலா, அதாவது டயாலிசிஸ் ஊசி போட இரண்டு ரத்தக் குழாய்களை இணைத்து வைத்த இடம். அதன்மேல் விரல் வைத்தால் தூங்கும் பூனையைத் தொட்ட மாதிரி குர்ரென்று அதிரும். காலையில் எழுந்ததும் காபிக்கு முன்னால் அதைத்தான் தொட்டுப் பார்க்கிறார்.

---

நான் லாரி ஓட்டுகிறவன். பிரஷர் மாத்திரையை விட்டதில்லை, ஆனால் இடுப்பு வலிக்கு மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் வாங்கி வாங்கிப் போட்டேன். கிரியேட்டினின் 1.9 வந்த பிறகுதான் அது பிரஷரையும் ஏற்றும், கிட்னியையும் கெடுக்கும் என்று தெரிந்தது. அதை விட்டு, பிரஷருக்கு டெல்மிசார்ட்டன் மாற்றிக் கொடுத்தார்கள். இரண்டு வருஷமாக 1.8-ஐத் தாண்டவில்லை. சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்று பார்த்திருந்தால் முன்னாடியே தெரிந்திருக்குமாம். எனக்கு அப்போது யாரும் அதை எழுதிக் கொடுக்கவில்லை.

---

எங்கள் அம்மாவுக்கும் பிரஷரால்தான் கிட்னி பாதிப்பு. மாத்திரை பிரச்சினை இல்லை. மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து கொடுக்கிறார்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாவற்றையும் நிறுத்தினோம். நாங்கள் ஏமாந்தது இளநீரில். வெயில் காலம், உடம்புக்குக் குளிர்ச்சி என்று தினம் ஒன்று கொடுத்தோம். இளநீரில் பொட்டாசியம் அதிகம், கெட்டுப்போன கிட்னியால் அதை வெளியேற்ற முடியாதாம். ரத்தத்தில் பொட்டாசியம் 6.3 வரை ஏறிவிட்டது! ஈசிஜியைப் பார்த்த டாக்டர் அப்படியே அட்மிட் செய்துவிட்டார். நலம் விசாரிக்க வரும் சொந்தக்காரர்கள் இன்னும் இளநீரோடுதான் வருகிறார்கள். அம்மா பார்த்துக்கொண்டிருக்க, நான் குடிக்கிறேன்.